பன்னிரண்டாவது நொடி

அத்தியாயம் 14

மொட்டை மாடிச் சைரனுக்கு ஏதோ நோய் பிடித்திருந்தது.

ஆபத்து வருகிறது என்று ஊதச் சொன்னால் ஒழுங்காக ஊதியது. ஏறி இறங்கி, ஏறி இறங்கித் தெருவையே உலுக்கியது. ஆபத்து நீங்கியது என்று ஊதச் சொன்னால் மட்டும் பன்னிரண்டாவது நொடியில் நின்றுபோனது. ஊத வேண்டியது ஒரு நிமிடம். சில நாள் பதினொரு நொடி ஊதும், சில நாள் பதின்மூன்று. அதற்கு மேல் போனதில்லை.

இதில் பெரிய கூத்து, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சோதனைக்காக ஊதவிட்டால் அறுபது நொடியும் கம்பீரமாக ஊதும். வைத்தியர் வாசலுக்கு வந்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற குழந்தையைப் போல.

மூன்று வாரமாகச் சைரன்காரருக்கு இதே நினைப்பு. தாங்கிகளுக்குப் புது கிரீஸ் வைத்தார். தொடுமுனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பறவைக்கூடு ஏதாவது இருக்கிறதா என்று உருளைக்குள் கைவிட்டுப் பார்த்தார். நேற்று டைமரையே மாற்றிவிட்டார்.

"ஆபத்துன்னா தொண்டை கிழியக் கத்துது, நல்ல சேதின்னா விக்கிக்குது. வளர்த்தவர் குணம் அப்படியே வந்திருக்கு" என்றார் மூன்றாம் மாடித் தையல்காரர்.

சைரனுக்குள் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. துளைகள் போட்ட ஓர் உருளை. அதற்குள் துளைகள் போட்ட ஒரு சக்கரம். மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். துளையும் துளையும் நேராக வரும்போது காற்று பீறிடும்; விலகும்போது அடைபடும். நொடிக்குச் சில நூறு தடவை காற்றை இப்படி நறுக்கினால் கேட்பதுதான் சைரன் ஓசை. மின்சாரத்தைக் கொடுத்துக் கொடுத்து நிறுத்தினால் சக்கரம் வேகமெடுத்துத் தளரும், ஓசை ஏறி இறங்கும். அது ஆபத்து. மின்சாரத்தை விடாமல் கொடுத்தால் ஓசை ஒரே சீராக நிற்கும். அது ஆபத்து நீங்கியது.

அந்தச் சீரான ஓசையை முழுதாக ஒரு நிமிடம் கேட்ட பிறகுதான் பதுங்கறைக் கதவுகளைத் திறக்கலாம். பாதியில் அறுந்த ஓசைக்குத் திறக்கக் கூடாது. இரண்டு மாதம் முன்பு ஆற்றோரத்தில் ஒரு கதவை அப்படித் திறந்தார்கள். அதைப் பற்றி இந்தத் தெருவில் யாரும் பேசுவதில்லை.

ஊதவைப்பது சைரன்காரர் அல்ல, தலைமையகம். அங்கிருந்து ஒரு சமிக்ஞை வரும். இங்கே தானாக ஊதும். கையால் அழுத்தும் பித்தான் உள்ள பெட்டிக்கு ஈய முத்திரை. திங்கட்கிழமைச் சோதனைக்கு மட்டும், அதிகாரி முன்னிலையில் திறப்பார்கள். பொய்யாக ஒரு தடவை ஊதிவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இந்தக் குடும்பத்தோடு பதின்மூன்று வாரமாக வருகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். இன்று புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி. ஆறு மாடிக் கட்டடம். ஐந்தாம் மாடியில் சைரன்காரர். கட்டடத்துத் தண்ணீர் மோட்டாரின் பொறுப்பு அவர் மனைவியிடம், அதனால் மோட்டாரம்மா. ஒரே மகள், பள்ளி ஆசிரியை, தெருவுக்கே டீச்சர். மகளின் கணவர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்; சண்டை தொடங்கியதும் பாலத்துக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டவர். பதினொரு வாரம் வரிசையில் நின்று, போன வாரம்தான் அவளுக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. அதில் ஒரே ஒரு தேதி, ஒரே ஒரு பஸ். வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி, நாற்சந்தி.

இன்று வியாழக்கிழமை.

*

"நீலப் போர்வையை எடுத்து வச்சியா?" என்றாள் மோட்டாரம்மா.

"அங்கயும் போர்வை இருக்கும்மா."

"இருக்கும். நம்ம போர்வை இருக்காது."

டீச்சர் சிரித்துவிட்டுப் பெட்டியை மறுபடி திறந்தாள். போர்வையைத் திணித்ததும் பெட்டி மூட மறுத்தது. சைரன்காரர் அதன்மேல் முழங்காலை ஊன்றிப் பூட்டை அழுத்தினார்.

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்" என்றாள் மகள்.

"இன்னிக்கா? உனக்கு என்னடி பைத்தியமா?"

"பதினொரு பசங்கதாம்மா மிச்சம் இருக்காங்க. ஒரு நாள் திடீர்னு டீச்சர் வரலைன்னா அவங்க என்ன நினைப்பாங்க? இந்த ஊர்ல வரலைன்னா அதுக்கு ஒரு அர்த்தம்தான் இருக்கு. நான் பஸ்ல போறேன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

மோட்டாரம்மா மகளின் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

"போகட்டும் விடு" என்றார் சைரன்காரர். "பாப்பா, நீ அங்கேருந்து நேரா நாற்சந்திக்கு வந்துடு. பெட்டியை நான் கொண்டாந்துடறேன்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மகள் கேட்டாள். "சைரன் சரியாயிடுச்சாப்பா?"

"டைமரை மாத்திட்டேன். இனிமே நிக்காது."

சொன்ன தோரணையில் அவரே நம்பிவிட்டார்.

"பார்த்தியா, எல்லாம் சரியாயிடும்" என்றாள் மோட்டாரம்மா. அவளுக்கு அது பேச்சில் வரும் முற்றுப்புள்ளி மாதிரி. சாப்பிட்டாயா, கதவைச் சாத்து, எல்லாம் சரியாயிடும்.

*

பத்து நாற்பதுக்கு ஓசை ஏறி இறங்கத் தொடங்கியது.

மோட்டாரம்மா ஓடிப் போய் மோட்டாரை நிறுத்தினாள். தெருக்குழாயில் தண்ணீர் வருவது பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைதான். அழுத்தம் குறைவு. எந்தக் கட்டடத்து மோட்டார் முதலில் உறிஞ்ச ஆரம்பிக்கிறதோ அந்தக் கட்டடத்துக்குத்தான் தண்ணீர், பிந்தியவர்களுக்குக் காற்று. ஆனால் ஆபத்துச் சைரன் கேட்டால் எல்லா மோட்டாரையும் நிறுத்த வேண்டும் என்பது உத்தரவு.

கட்டடத்துக் கீழறைக்கு இரும்புக் கதவு இல்லை; படிக்கட்டு மட்டும்தான். கதவு இல்லாததால் காவலும் இல்லை. மோட்டாரம்மா எப்போதும் உட்காருவது கடைசிப் படியில். சைரன்காரர் பெட்டியோடு எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தார். தையல்காரர் தன் மடியில் யாருடைய கால்சட்டையையோ வைத்து விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். பதினொன்று அடித்தது. பதினொன்றே கால்.

தூரத்தில் இரண்டு முறை தரை அதிர்ந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பதினொன்று இருபத்திரண்டுக்குச் சீரான ஓசை எழுந்தது.

சைரன்காரர் கைக்கடிகாரத்தில் கண்ணை ஊன்றி உதடசைய எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று.

முதல் ஓசைக்கே மோட்டாரம்மா எழுந்து படியேறிவிட்டாள். அது விதிக்கு மாறானதுதான். ஆறு மாடியும் அவள் நிரப்பிய தண்ணீரைத்தான் குடித்தது. ஒருவரும் குறை சொன்னதில்லை.

"ஓடுங்க மோட்டாரம்மா! பக்கத்துக் கட்டடத்துக்காரன் முந்திடப் போறான்!" என்றார் தையல்காரர்.

ஒன்பது, பத்து, பதினொன்று.

கீழறையின் மஞ்சள் பல்பு ஒரு தடவை மங்கித் தெளிந்தது. சைரன்காரரின் கண் கடிகாரத்தில் இருந்தது.

பன்னிரண்டு.

ஓசை தளர்ந்து, இழுத்து, அடங்கிப்போனது.

*

தலைமையகத்துக்குப் போன் கிடைக்கவில்லை. வழக்கம்தான். முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் கழித்து அவர்களாகவே சந்தேகப்பட்டு இரண்டாவது சமிக்ஞை அனுப்புவார்கள். விசித்திரம் என்னவென்றால் அந்த இரண்டாவது தடவை ஒருநாளும் நின்றதில்லை.

சைரன்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். நடை ஓட்டமானது. பெட்டி முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. பதினொன்று முப்பத்தைந்துக்குப் பள்ளியின் பதுங்கறைக் கதவைத் தட்டினார்.

"யாரு?"

உள்ளே கதவுக்குப் பொறுப்பு ஒரு பழைய பஸ் கண்டக்டர். இப்போது ஓடுகிற பஸ் அதிகம் இல்லை.

"நான்தாங்க, சைரன்காரன். ஆபத்து நீங்கிடுச்சு. கதவைத் திறங்க. பன்னெண்டு மணிக்கு என் பொண்ணுக்கு பஸ்."

"சைரன் பாதியில நின்னுடுச்சே."

"அது பழுதுங்க. சேதி உண்மை."

"பழுதுன்னு எப்படிச் சொல்றீங்க? மறுபடி ஏதோ வருதுன்னு தெரிஞ்சு தலைமையகமே நிறுத்தியிருந்தா?"

ஏன் நின்றது என்று தெரிந்தால்தானே பழுதுதான் என்று அடித்துச் சொல்ல முடியும்?

"அந்தச் சைரனை மாட்டினவனே நான்தாங்க."

"மாட்டினவர் வந்து சொன்னா திறக்கலாம்னு எனக்கு எழுதிக் குடுக்கலையே. முப்பது வருஷம் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். விசில் முழுசா அடிக்காம என் வண்டி ஒரு அடி நகர்ந்ததில்ல. உள்ள முப்பத்தேழு உயிர் இருக்கு சைரன்காரரே. கோவிச்சுக்காதீங்க."

"ஒரு ஆளு! ஒரே ஒரு ஆளை மட்டும் வெளிய விடுங்க!"

"கதவுல ஒரு ஆளுக்குன்னு தனி ஓட்டை இல்லீங்க. திறந்தா எல்லாருக்கும் திறந்ததுதான்."

சைரன்காரர் இரும்பைக் கையால் அறைந்தார். உள்ளே ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அறைந்த கையை அவர் பின்னால் மறைத்துக்கொண்டார், யாரோ பார்ப்பது போல.

"அப்பா."

கதவின் மறுபக்கம், மிக அருகில்.

"பாப்பா."

"மணி என்னப்பா?"

"பதினொண்ணு நாப்பது."

"பெட்டி?"

"கையிலதான் இருக்கு."

"கனமா இருக்குமே. கீழ வைங்க."

அவர் கீழே வைத்தார்.

"அவரைத் திட்டாதீங்கப்பா" என்றாள் மகள். "நானும் உள்ள எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். பன்னெண்டுல நின்னுடுச்சு. இப்ப அவர் திறந்தாலும் இந்தப் பசங்களை நான் வெளிய அனுப்ப மாட்டேன். அப்புறம் நான் மட்டும் எப்படிப் போறது?"

"பஸ்ஸு..."

"நீங்க போய் நிறுத்தி வைக்கப் பாருங்க."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாற்சந்திக்கு ஓடினார். அங்கே கேட்பது வேறொரு சைரன், அது முழுதாக ஊதியிருந்தது. பஸ் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் அவர் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு மணிக்குப் பாலத்தை மூடிடுவாங்க பெரியவரே. உங்க பொண்ணுக்காக நின்னா இந்த அறுபது பேருக்கும் பாலம் கிடையாது. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க."

இன்று அவர் கேட்ட எல்லாருமே நியாயமாகத்தான் பதில் சொன்னார்கள்.

பன்னிரண்டுக்கு பஸ் கிளம்பியது. மகளுக்கு எழுதியிருந்த இருக்கையில், மடியில் இரண்டு குழந்தைகளோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு இரண்டாவது சமிக்ஞை வந்தது. சைரன் அறுபது நொடியும் பிசிறில்லாமல் ஊதியது.

*

டீச்சர் அழவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். பெட்டியைத் திறந்து நீலப் போர்வையை எடுத்து, காலையில் இருந்த இடத்திலேயே மடித்து வைத்தாள்.

"வேற பஸ் விடாமலா போயிடுவாங்க" என்று ஆரம்பித்தாள் மோட்டாரம்மா. "நீ பாரு கண்ணு, எல்லாம்..."

"அம்மா." மகளின் குரல் உயரவில்லை. "சரியாயிடும்னு மட்டும் சொல்லாதீங்கம்மா. நாளைக்கு வேணா சொல்லுங்க. இன்னிக்கு என்னால கேட்க முடியாது."

மோட்டாரம்மா கையிலிருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று மணிக்கு மகள் அனுமதிச் சீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தேதி மாற்றித் தருவார்களா என்று அலுவலகத்தில் கேட்கப் போகிறாளாம். யாருக்கும் தேதி மாற்றித் தந்ததாக இதுவரை கேள்விப்பட்டதில்லை. மூவருக்கும் அது தெரியும்.

சைரன்காரர் மேஜையில் பழைய டைமரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

மூன்றரைக்கு, அந்த நேரத்தில் வரவே வராத தண்ணீர், தெருக்குழாயில் சீறத் தொடங்கியது. சத்தம் கேட்டதும் மோட்டாரம்மா கீழே ஓடினாள். சிறிது நேரத்தில் மேஜைக்கு மேலிருந்த பல்பு ஒரு தடவை மங்கித் தெளிந்தது.

சைரன்காரர் அண்ணாந்து பார்த்தார்.

இந்தப் பல்பு மங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். மோட்டார் ஓட ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். நின்றுகிடக்கிற மோட்டாரைக் கிளப்புவது, நின்றுபோன வண்டியைத் தள்ளுவது போல. உருள ஆரம்பித்துவிட்டால் ஒரு கை போதும். முதல் தள்ளுதலுக்கு ஆறு பேர் வேண்டும். மோட்டாரும் அப்படித்தான், கிளம்புகிற அந்த ஒரு நொடியில் ஆறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதே கம்பியில் இருக்கிற மற்றதெல்லாம் அந்த நேரம் பட்டினி.

அதே கம்பியில்.

அவர் எழுந்தார். ஐந்து மாடியும் இறங்கிக் கீழறையின் கடைசிப் படியில், மனைவி உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். சைரன் ஊத ஆரம்பித்ததாக வைத்துக்கொண்டு எழுந்தார். பதினாலு படி ஏறினார். இடப்பக்கம் திரும்பினார். மோட்டார் அறைக் கதவைத் தள்ளினார். போர்டுக்கு முன்னால் கையை நீட்டினார்.

பன்னிரண்டு நொடி.

போர்டிலிருந்து இரண்டு தடித்த கம்பிகள் போயின. ஒன்று தண்ணீர் மோட்டாருக்கு. இன்னொன்று சுவரைத் துளைத்து மொட்டை மாடிக்கு, சைரனுக்கு. இரண்டாவதை இழுத்தது அவர்தான், சண்டையின் முதல் வாரத்தில். சைரனுக்கு மும்முனை மின்சாரம் வேண்டும். கட்டடத்தில் அது இருந்த ஒரே இடம் இந்த போர்டு. தனிக் கம்பி கிடைத்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தார்.

மிச்சமெல்லாம் தானாக வந்து பொருந்தியது. சைரனை ஓடவைப்பது ஒரு காந்த சுவிட்ச். ஒரு காந்தம் இரும்புத் தகடு ஒன்றை இழுத்துப் பிடித்திருக்கும். பிடித்திருக்கும் வரை சைரன் ஓடும். மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் காந்தம் பிடியை விட்டுவிடும். விட்டால் தானாக மறுபடி பிடிக்காது, புதுச் சமிக்ஞை வேண்டும். முன்பெல்லாம் மோட்டார் கிளம்பினாலும் காந்தம் தாக்குப்பிடித்தது. மூன்று வாரம் முன்பு தூரத்து மின் நிலையம் அடிபட்டதிலிருந்து ஊர் முழுக்க மின்னழுத்தம் குறைவு. இந்த மூன்று வாரமும் ஆபத்து வந்ததெல்லாம் தண்ணீர் வரும் நேரத்தில்தான். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் கிடையாது, மோட்டாரும் கிடையாது, அதனால் சைரன் நிற்பதில்லை. இரண்டாவது சமிக்ஞை வரும்போது மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் ஓடி முடித்திருக்கும். அதனால் அப்போதும் நிற்பதில்லை.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று வாரப் புதிர் அவிழ்ந்த சந்தோஷம். அடுத்த கணம் அவிழ்ந்ததற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

*

"என்னங்க, இங்க என்ன பண்றீங்க?"

மோட்டாருக்கு அந்தப் பக்கம், வால்வைத் திருகிவிட்டு நிமிர்ந்த மனைவி நின்றாள். கையில் துணி.

"தலைமையகத்துலேருந்து உத்தரவு வந்திருக்கு" என்றார். "இனிமே ஆபத்து நீங்கின சைரன் ஊதி முடியுற வரைக்கும் எந்தக் கட்டடத்துலயும் மோட்டார் போடக் கூடாதாம்."

"எப்ப வந்துச்சு?"

"இப்பதான்."

"போன்தான் காலையிலேருந்து கிடைக்கலையே."

அவர் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார்.

"முப்பத்திரண்டு வருஷமா உங்களுக்குப் பொய் சொல்ல வரல" என்றாள். "இன்னிக்குத் திடீர்னு வந்துடுமா?"

அவள் அவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். திறந்து கிடந்த கதவு வழியாகப் படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு போர்டிலிருந்து பிரிந்துபோகும் இரண்டு கம்பிகளைப் பார்த்தாள். சைரன்காரரோடு முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு எந்தக் கம்பி எங்கே போகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

"நான் மோட்டார் போடறதாலயா?"

சைரன் கம்பி நுழைகிற சுவர்த் துளையின்மேல் அவர் கையை வைத்தார்.

"சொல்லுங்க."

"கம்பியை இங்கேருந்து இழுத்தது நான்."

"சுவிட்சைப் போட்டது நான்."

கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் அவள் உட்கார்ந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

"முதல் சத்தம் கேட்டா எனக்குக் கால் நிக்காதுங்க" என்றாள். "அப்பாடா, முடிஞ்சுதுன்னு தோணும். முழுசா கேட்கணும்னே தோணாது. ஓடிடுவேன்."

"தெரியும்."

"மூணு வாரமா ஒவ்வொரு நாளும் அந்தப் பசங்களை ஒரு மணி நேரம் அதிகமா உள்ள உட்கார வச்சிருக்கேன்."

"தெரியாம பண்ணினது."

"பஸ்ஸு தெரிஞ்சா போச்சு?"

அவள் இரண்டாவது கம்பியைக் கண்ணால் சுவர்வரை தொடர்ந்தாள்.

"வேற கம்பி போட முடியாதா?"

"ஆறு மாடி உயரத்துக்குக் கம்பி. இந்த ஊர்ல இப்ப எங்க கிடைக்கும்?"

"அப்ப?"

"நீ ஒரு நிமிஷம் பொறுக்கணும். அவ்வளவுதான்."

"அந்த ஒரு நிமிஷத்துல பக்கத்துக் கட்டடத்துக்காரன் முந்திப்பான். அவனுக்கு வேற கம்பத்துலேருந்து கரண்டு, அவனுக்கு ஒண்ணும் ஆகாது. நம்ம ஆறு மாடிக்கும் தண்ணி?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

"யோசிச்சு?"

"ஒண்ணும் தோணல."

அவள் துணியை உதறி மடித்தாள். "பாப்பா வந்ததும் நான்தான் சொல்லுவேன். நீங்க குறுக்க வந்து கம்பி, கிம்பின்னு பழியைத் தூக்கி உங்க மேல போட்டுக்கக் கூடாது. கேட்குதா?"

அவர் தலையாட்டுவதற்குள் மேலே சைரன் ஏறி இறங்க ஆரம்பித்தது.

அவள் மோட்டாரை நிறுத்தினாள். மணி நாலு பத்து. மகள் எந்தத் தெருவில் இருக்கிறாளோ, எந்தக் கதவுக்குள் போனாளோ.

கீழறையில் வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தார்கள். இம்முறை ஓர் அதிர்வு கிட்டத்தில் கேட்டது. கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் தையல்காரரின் தலையில் உதிர்ந்தது. அவர் தட்டிவிடவில்லை.

நாலே முக்காலுக்குச் சீரான ஓசை எழுந்தது.

மோட்டாரம்மா அதே வேகத்தில் படியேறினாள். கால் பழக்கம், நிற்கவில்லை. சைரன்காரர் பின்னாலேயே ஏறினார். அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் கை சுவிட்சின்மேல் இருந்தது. அழுத்தவில்லை. உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

எட்டாவது நொடியில் பக்கத்துக் கட்டடத்து மோட்டார் உறுமியது. இங்கே குழாயில் சீறிக்கொண்டிருந்த தண்ணீர் மெதுவாகச் சத்தம் குறைந்தது.

"மோட்டாரம்மா!" கீழேயிருந்து தையல்காரர் கத்தினார். "முந்திட்டான்! போடுங்க, போடுங்க!"

பதினொன்று. பன்னிரண்டு.

சைரன் ஊதிக்கொண்டிருந்தது.

பதின்மூன்று. அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி சுவிட்சைப் பார்த்து எண்ணினாள். முப்பதில் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குழாய் அடங்கிப்போனது. ஐம்பது. ஐம்பத்தைந்து.

அறுபதில் சைரன் தானாக நின்றது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக, முதல் சமிக்ஞையிலேயே.

தெருவுக்கு அந்தப் பக்கம், பள்ளிக்கூடத் திசையில், ஓர் இரும்புத் தாழ் இழுபடும் சத்தம் கேட்டது. அதற்கப்பால் இன்னொன்று.

மோட்டாரம்மா சுவிட்சைப் போட்டாள். பல்பு மங்கித் தெளிந்தது. மோட்டார் ஓடியது. குழாயில் காற்றுதான் வந்தது.

"தண்ணி வரலையே" என்றார் தையல்காரர், படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே.

"வராது" என்றாள். "உங்க சாக்கட்டியைக் குடுங்க."

தையல்காரர் காதில் செருகியிருந்த தட்டை சாக்கட்டியை எடுத்துக் கொடுத்தார். ஏதோ கேட்க வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மோட்டார் அறையின் சிறிய ஜன்னல் வழியாகத் தெருமுனை தெரிந்தது. டீச்சர் வந்துகொண்டிருந்தாள். கையில் அனுமதிச் சீட்டு. முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"பாப்பா வர்றா" என்றார் சைரன்காரர்.

"பார்த்துட்டேன். இதை முடிச்சுட்டு வரேன்."

சுவிட்சுக்கு மேலே, நாளைக்குத் தான் இல்லாவிட்டாலும் வேறு யார் வந்து நின்றாலும் கண்ணில் படும்படி, அவள் பெரிய எழுத்தில் எழுதினாள்:

முதல் சத்தத்துக்கு மோட்டார் போடாதே. சைரன் முழுவதும் ஊதி நிற்கட்டும். அறுபது எண்ணு. பிறகு போடு.